கற்பூரம் வைத்த கோட்டுகள்

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஹாஜிரா பீ கோட்டின் கைக்குள் தன் கையை விட்டாள். உள்ளே சூடாக இருந்தது.

வெயில் சூடு இல்லை. வெயில் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தே வருஷங்களாகின்றன. குண்டு விழும் என்று பட்டணமே பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஓடிய சமயத்தில் ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். யுத்தம் முடிந்த பிறகும் அதைக் கிழிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. இது வேறு சூடு. வேலைக்குப் போய்த் திரும்பிய ஆள் சட்டையைக் கழற்றிக் கொடியில் வீசுகிறான், அதை மடிக்க எடுத்தால் கையில் தட்டுப்படுமே ஒரு வெதுவெதுப்பு, அதேதான். ஹாஜிரா கையை வெளியே இழுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஆட்டுத்தோல், உள்பக்கம் முழுக்க ரோமம், சூட்டைப் பிடித்து வைக்கத்தானே இதைத் தைக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த கோட்டிலும் கையை விட்டுப் பார்த்தாள். அதற்கடுத்ததிலும். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

கோபாலபுரத்தில் வக்கீல் வேதாந்தம் கட்டிய பங்களா அது. அவர் குண்டுக்குப் பயந்து கும்பகோணம் போனவர் போனவர்தான். பங்களாவை ராணுவம் எடுத்துக்கொண்டது. ஆகாய விமானம் உயரே ஏறினால் எலும்பு வரை குளிருமாம். அதற்காகப் பறக்கிற சிப்பாய்களுக்குக் கொடுத்திருந்த கோட்டுகள், யுத்தம் முடிந்ததும் மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்கின. போட்டிருந்தவர்களில் பாதிப் பேர் கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்களின் கோட்டு மட்டும் வந்திருந்தது.

பங்களாவின் பின் அறையில் குடும்பத்தோடு தங்கி, அவற்றைச் சுத்தம் செய்து, பூச்சி அரிக்காமல் கட்டிக் காத்து, லாரி வரும்போது ஒப்படைக்க வேண்டியது ஹாஜிராவின் புருஷன் இனாயத்தின் பொறுப்பு. பெரியமேட்டுத் தோல் மண்டியில் பழம் தின்று கொட்டை போட்டவன். தோல் விஷயத்தில் அவனை அசைக்க முடியாது. மற்ற விஷயத்தில் அவனிடம் வாயைக் கொடுக்க முடியாது. வேலைக்கென்று கூட்டி வந்த ஆட்கள் முதல் மூட்டையைப் பிரித்தார்கள், ரோமத்தில் உறைந்து கெட்டித்துக் கிடந்த கறுப்புக் கறையைப் பார்த்தார்கள், மதியச் சோறு தின்றுவிட்டு வருகிறோம் என்று போனவர்கள் திரும்பவே இல்லை.

"நீ செய்மே," என்றான் இனாயத். "மய்யித்தக் குளிப்பாட்டறவ தானே நீ. உனுக்கின்னா அருவருப்பு?"

பொய்யில்லை. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம் எந்த முஸ்லிம் வீட்டில் பெண் இறந்தாலும் ஹாஜிராவைத் தேடித்தான் ஆள் வரும். உடம்புக்கு வலிக்காமல் குளிப்பாட்டுகிற கை என்று அவளுக்குப் பெயர். செத்த உடம்புக்கு வலி ஏது என்று கேட்கலாம். கேட்கிறவர்கள் சொந்தப் பிள்ளையைப் பலகையில் கிடத்தியிருக்க மாட்டார்கள். ஹாஜிரா இரண்டு முறை கிடத்தியிருக்கிறாள். தங்கினது சகினா ஒருத்திதான், ஆறு வயசு. அதுவும் இழுப்புக்காரப் பிள்ளை. வானம் கறுத்தாலே அதன் நெஞ்சுக்குள் ஊதல் சத்தம் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அதைக் கேட்டால் பரிதாபம். ஹாஜிராவுக்கோ அந்தச் சத்தம்தான் நிம்மதி. அது கேட்கிற வரைக்கும் பிள்ளை இருக்கிறாள் என்று அர்த்தம்.

ஆட்டுத்தோலைத் தண்ணீரில் முக்கக் கூடாது. முக்கினால் விறைத்துப் பலகையாகிவிடும். கோட்டை மேஜையில் மல்லாத்திப் பிரித்துப் போட்டு, துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து, ரோமத்தைத் துடைக்க வேண்டும். பிறகு வாணலியில் வறுத்த தவிட்டைச் சூட்டோடு தூவித் தேய்த்தால் பிசுக்கெல்லாம் தவிட்டோடு உதிர்ந்துவிடும். உதறி, மரச்சீப்பால் வாரி, மூங்கில் கழியில் தொங்கவிட வேண்டும். கடைசியில் பூச்சிக்காகக் கோட்டுப் பையில் கற்பூரம். சீக்கிரமே ஹாஜிராவுக்குக் கை படிந்துவிட்டது. கை படிந்ததும் மனசு வேறெங்கோ போய்விட்டது. கை பாட்டுக்கு வேலை செய்தது, உதடு பாட்டுக்கு எதையோ முணுமுணுத்தது. வினையெல்லாம் அங்கே பிடித்ததுதான்.

கூடம் நிறைய நிறைய அதன் வாசனை மாறிக்கொண்டு வந்தது. ஆரம்பத்தில் ஆட்டுக் கொழுப்பும் பெட்ரோலும் சிகரெட்டும் பழைய வேர்வையும் ஒன்றாய் அடித்த நாற்றம் போய், வறுத்த தவிட்டு மணம் வந்து, அதையும் அமுக்கிக்கொண்டு கற்பூரம் ஏறியது. வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு தாழ்வாரத்து ஓட்டிலிருந்து விடாமல் ஒழுக, உள்ளே கழி கழியாகத் தொங்கிய கோட்டுகள் தோளை இறக்கிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசல் பக்கமே பார்த்து நின்றன. காற்றில்லை. இருந்தும் அவை ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நிற்கிறவர்கள் கால் மாற்றி நிற்கும்போது கேட்குமே, அந்த மாதிரி. காலையில் போய்ப் பார்த்தால் அவள் வாரிவிட்ட ரோமம் முதுகுப் பக்கம் நசுங்கியிருந்தது. உள்ளே யாரோ சாய்ந்திருந்த மாதிரி. ஹாஜிரா மறுபடி வாரிவிட்டாள்.

சகினாவுக்கு அந்தக் கூடம் பிடித்துப்போனது. எத்தனை விரட்டினாலும் நழுவி உள்ளே போய், கோட்டுகளுக்கு நடுவே ரோமத்தில் கன்னத்தை வைத்து நின்றுகொண்டிருப்பாள்.

"இன்னாத்துக்குடி அங்க போற?"

"குளுருதும்மா. அங்க சூடா கீது."

ஹாஜிரா பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். பானைத் தண்ணீரில் விட்டு எடுத்த மாதிரி சில்லிட்டிருந்தது. மழை நாள்தான், ஆனாலும் மெட்ராஸ் மழை. புழுக்கத்தில் அவளுடைய ரவிக்கையே முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பளி போர்த்தினாள், சுக்குத் தண்ணீர் கொடுத்தாள், உள்ளங்காலில் தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள். தவிடு ஆறிப்போனது, கால் சூடேறவில்லை. மறுநாள் முழங்கை வரைக்கும் சில்லென்றிருந்தது. அதற்கு மறுநாள் தோள் வரைக்கும். ஆனால் கோட்டுகளில் கையை விட்டால் முன்னைவிட அதிகமாகச் சுட்டது.

"அவங்கல்லாம் காத்துக்கினு கீறாங்கம்மா," என்றாள் சகினா, கம்பளிக்குள்ளிருந்து.

"யாரு?"

"கோட்டுங்க."

"இன்னாத்துக்குக் காத்துக்கினு கீது?"

"தூக்கிக்கினு போறதுக்கு."

ஹாஜிரா கம்பளியை இழுத்துப் பிள்ளையின் கழுத்து வரை மூடினாள். அன்று சாயங்காலமே புருஷனிடம் கேட்டாள், புள்ளைய நாலு நாளைக்கு எங்கனா வெச்சிட்டு வரலாமா என்று. இனாயத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"லாரி வர்ற வரிக்கும் இந்த வூட்ட வுட்டு ஒருத்தரும் நவுரக் கூடாது. ஒரு கோட்டு கொறஞ்சா மிலிட்டரிக்காரன் என்னை ஜெயில்ல போட்டுடுவான். புள்ளைக்கு மழ ஜலுப்பு. அத்த வெச்சிக்கினு நாடகம் ஆடாதமே."

வெள்ளிக்கிழமை மத்தியானம் இனாயத்தின் அக்கா நஸ்ருன்னிசா வந்தாள். மயிலாப்பூரில் மய்யித்துக் குளிப்பாட்டுகிற இன்னொருத்தி அவள்தான். ஆட்கள் தன்னை விட்டுத் தம்பி பெண்டாட்டியைக் கூப்பிடுகிறார்கள் என்று பல வருஷமாகப் புகைந்துகொண்டிருப்பவள். நலம் விசாரிக்க வரவில்லை. பங்களா எப்படி இருக்கிறது, இவள் எப்படி வாழ்கிறாள் என்று மோப்பம் பிடிக்க வந்தாள். விறுவிறுவென்று கூடத்துக்குள் போனவள் நாலாவது எட்டில் நின்றுவிட்டாள். முக்காட்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். ஒரு கோட்டின் கழுத்துப் பட்டையைப் புரட்டினாள், கை முனையைப் புரட்டினாள், கீழ் ஓரத்தைப் புரட்டினாள். எங்கே புரட்டினாலும் துணியில் முடிந்த கற்பூரம் தைத்திருந்தது.

"ஜோபியில போடச் சொல்லலியா இனாயத்து?"

"சொன்னாரு."

"அப்பறம் இதின்னா? நெத்தி வர்ற எடத்துல ஒண்ணு. உள்ளங்கை வர்ற எடத்துல ரெண்டு. கீழ ரெண்டு." நஸ்ருன்னிசாவின் குரல் இறங்கியது. "கையில துணிப்பை மாட்டிக்கினுதான் தொடச்சியா?"

"ஆமா."

"வலது பக்கம் மொதல்ல?"

ஹாஜிரா தன் கைகளைப் பார்த்தாள். வலது கை முதலில். அப்புறம் இடது. மூன்று தடவை. கடைசித் தடவை தண்ணீரில் கற்பூரம் கரைத்து. தொழும்போது தரையைத் தொடுகிற அங்கங்களில் கற்பூரம் வைப்பது போல, இல்லாத அங்கங்கள் இருக்க வேண்டிய இடம் பார்த்து அவள் கை தானாக வைத்திருக்கிறது. பலகையில் கிடந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் செய்ததை, மேஜையில் கிடந்த ஒவ்வொரு கோட்டுக்கும் ஒன்று விடாமல் செய்திருக்கிறாள்.

"நிய்யத்து சொன்னியா?" என்று கேட்டாள் நஸ்ருன்னிசா. "வாய்ல வந்துச்சா?"

முணுமுணுத்த உதடு. எதை முணுமுணுத்தது என்று இப்போதுதான் ஹாஜிராவுக்கு நினைவு வந்தது: இந்த மய்யித்தைக் குளிப்பாட்டுகிறேன் என்று மனசில் உறுதி வைத்துச் சொல்கிற அதே வார்த்தைகள்.

"குளிப்பாட்டி முடிச்சிக்கீற. எல்லாத்தியும். குளிப்பாட்டுனத அடக்காம வெச்சிருக்கக் கூடாதுன்னு உனுக்குத் தெரியாதா? எத்தினி நாளா நிக்க வெச்சிக்கீற இதுங்கள?"

ஹாஜிரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாழ்நாளில் அவளிடம் எதையும் கேட்டவளில்லை, இப்போது கெஞ்சினாள். "அக்கா, சகினாவ மட்டும் உங்க வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க. ரெண்டு நாள். உங்க கால்ல வுழறேன்."

நஸ்ருன்னிசா கம்பளிக்குள் சுருண்டு கிடந்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். தொட்ட விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ஒரு உடம்பு எப்போது இப்படிச் சில்லிடும் என்று அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியும். சகினா கண்ணைத் திறந்து அத்தையைப் பார்த்துச் சிரித்தாள், நெஞ்சு ஊதல் போட்டது.

"என் வூட்லயும் புள்ளைங்க கீதுங்க," என்று சொல்லிவிட்டு, மழை என்றும் பார்க்காமல் அவள் போய்விட்டாள்.

மறுநாள் இனாயத் கடைக்குக் கிளம்பினான். எல்லாக் கோட்டும் முடிந்தாயிற்று. இனி கூடத்தைப் பூட்டி, பூச்சி புகாதபடி கதவிடுக்கெல்லாம் காகிதப் பட்டை ஒட்டி அடைக்க வேண்டும், லாரி வந்தால்தான் பிரிப்பது. காகிதமும் பசை காய்ச்சப் புளியங்கொட்டை மாவும் வாங்கப் போனான். அவன் தலை மறைந்ததும் ஹாஜிரா கூடத்துக்குள் போனாள். முதன்முதலில் எந்தக் கோட்டைத் துடைத்தாளோ அதைக் கழியிலிருந்து இறக்கினாள். கனத்தது. வெறும் தோலும் ரோமமும் அந்தக் கனம் கனக்காது. இனாயத்தின் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து மூன்று சுற்றுச் சுற்றினாள். கொல்லையில் சேறாகிக் கிடந்த மண்ணை மண்வெட்டியால் தோண்டினாள், வலது பக்கமாக ஒருக்களித்து மேற்கே பார்த்த மாதிரி படுக்க வைத்தாள், மூன்று கை மண் போட்டுவிட்டு மூடினாள். தவறோ சரியோ அவளுக்குத் தெரியாது. அல்லாவே, நான் அறியாமல் ஆரம்பித்ததை முடித்துவிடுகிறேன், என் பிள்ளையை விட்டுவிடச் சொல் என்று அழுதாள்.

உள்ளே வந்து சகினாவின் கையைப் பிடித்தாள். விரல் நுனி வெதுவெதுப்பாக இருந்தது.

நுனி மட்டும்தான். ஆனாலும் ஹாஜிராவுக்கு அது போதும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து, பசிக்குதும்மா, கஞ்சி குடு என்றாள். எத்தனை நாளாயிற்று அவள் வாயால் பசி என்று கேட்டு. ஹாஜிரா கஞ்சியை ஊட்டிக்கொண்டே மனசுக்குள் திட்டம் போட்டாள். ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கொல்லை போதாவிட்டால் முன்பக்கத் தோட்டம் இருக்கிறது. புருஷன் ஜெயிலுக்குப் போனால் போகட்டும். இரண்டாவது கோட்டைத் தூக்கிக்கொண்டு அவள் கொல்லைக் கதவைத் தாண்டியபோது, இனாயத் எதிரே நின்றான். கையில் காகிதச் சுருள். கண் சேற்று மேட்டின் மேல்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மண்வெட்டியை எடுத்துத் தோண்டினான். ஹாஜிரா காலைக் கட்டிக்கொண்டாள். உதறித் தள்ளினான், சேற்றில் விழுந்தாள். மறுபடியும் வந்து கட்டிக்கொண்டாள். "அது அடங்கிடுச்சிங்க, எடுக்காதீங்க, புள்ளைக்கு இப்பதான் சூடு வந்துச்சி, எடுக்காதீங்க." அவன் வெள்ளைத் துணியைப் பிய்த்து எறிந்தான். குழிக்குள்ளிருந்து கோட்டைக் கழுத்துப் பட்டையில் பிடித்துத் தூக்கினான். கோட்டின் ஈரமான கைகள் இரண்டும் முன்னால் ஆடி அவன் தோளில் விழுந்தன.

"மிலிட்டரி சாமான மண்ணுல பொதைக்கிற," என்றான் மெதுவாக. "என்னைத் தூக்குல ஏத்தத்தான் பாக்கற நீ."

இரண்டு கோட்டையும் உள்ளே கொண்டுபோய் மாட்டினான். சேற்றைக்கூடத் துடைக்கவில்லை. கதவை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினான். பசை காய்ச்சினான். ஹாஜிராவின் கையில் காகிதப் பட்டையைத் திணித்தான். "ஒட்டு. என் கண்ணு முன்னால ஒட்டு."

அவள் ஒட்டினாள். விளக்கு வைக்கிற நேரம். மழை கனத்துக்கொண்டு வந்தது. அவன் பசையைத் தடவத் தடவ, அவள் பட்டையை இடுக்கின் மேல் வைத்து உள்ளங்கையால் நீவினாள். கதவு சுட்டது. நீவ நீவச் சுட்டது. அவனுக்கும் சுட்டிருக்க வேண்டும், பிரஷ் ஒரு தரம் நின்றது, பிறகு வேகமாகப் போனது. மேலே ஒட்டியாயிற்று. பக்கவாட்டில். கீழே. பின் அறையில் சகினாவின் ஊதல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஹாஜிரா அதைப் பிடித்துக்கொண்டுதான் வேலையை முடித்தாள். கேட்கிறது. பிள்ளை இருக்கிறாள். கேட்கிறது.

கடைசிப் பட்டையை ஒட்டிவிட்டு எழுந்து பின் அறைக்கு ஓடினாள்.

சகினா பாயில் மல்லாந்து கிடந்தாள். கம்பளி காலடியில் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் நேராக. கால்கள் சேர்ந்து. தலைமுடி நனைந்திருந்தது. அதை யாரோ மூன்று பின்னலாகப் பின்னி விட்டிருந்தார்கள், வலிக்காமல், மெதுவாக, ஹாஜிரா பின்னுகிற மாதிரியே. நெற்றியில் வெள்ளைப் பொடி. மூக்கில். உள்ளங்கைகளில். முழங்கால்களில். கால் விரல்களில். ஹாஜிரா குனிந்தாள். கற்பூர வாசனை.

நெஞ்சில் காதை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

ஆனால் ஊதல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஹாஜிரா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். கனமே இல்லை. நடந்தாள். கூடத்து வாசலில் இனாயத் பசைச் சட்டியை மடியில் கவிழ்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். வாய் திறந்திருந்தது. கையிலிருந்த பிரஷ் கதவைக் காட்டியது.

சத்தம் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. சகினாவின் மூச்சுதான், இழுத்து, திணறி, ஊதி, விட்டு. அவளுக்குத் தெரியாதா அந்த மூச்சு. முதலில் ஒரு மூலையிலிருந்து. பிறகு பக்கத்தில் ஒன்று அதே மூச்சை வாங்கியது. அப்புறம் அடுத்தது. கழி கழியாக. கூடம் முழுக்க.

பசை காயாத காகிதப் பட்டைகள் கதவிடுக்கில் உள்ளே போய் ஒட்டின. வெளியே உப்பின. மறுபடி உள்ளே போயின.